பாவுக்குப் பக்கத்தில் ஒரு பஸ்

ஜூன் 9, 2025. திங்கள்

திங்கள் என்றாலே குறைதீர் கூட்டம். மனு வாங்கி வாங்கி, மதியம் டப்பாவைத் திறந்தபோது எலுமிச்சை சாதம் என்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இவர் கட்டிக் கொடுத்தது. உப்பு இல்லை. சாயங்காலம் சொன்னால், "உனக்குத்தான் பிபி இருக்குதே" என்பார். உதயகுமாரிடம் எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருக்கும்.

வந்தவர்களில் ஒரு பெண் மட்டும் மனதைவிட்டு இறங்கவில்லை. திரிஷா. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை. ஊர், மாகறல் தாண்டி ஓடைப்பாக்கம். அம்மா ரேணுகாம்பாளுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள் காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்கு வர வேண்டும். பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து நெசவுத் தெரு முழுவதையும் கடந்து, அதற்கப்புறமும் நடந்தால்தான் இவர்கள் இருக்கும் புதுநகர். ஊர்க்காரர்கள் இன்னும் காலனி என்றுதான் சொல்கிறார்களாம்.

"போறப்போ எப்படியோ நடந்துடுறாங்க மேடம். திரும்பி வர்றப்போதான் முடியல. போன வாரம் பாதி வழியில குந்திட்டாங்க. இனிமே போவ மாட்டேன்னு சொல்லிக்கினு இருக்குறாங்க."

"போகலன்னா?" என்று கேட்டுவிட்டேன். என்ன கேள்வி அது? அவள் என்னையே பார்த்தாள். நான் குனிந்து முத்திரை குத்தினேன்.

என் பிரிவின் பெயர் 'ஊரகச் சேவைகள் ஒருங்கிணைப்பு'. பஸ் ஒருவர் கையில், ரோடு ஒருவர் கையில், கரண்ட் கம்பம் இன்னொருவர் கையில். இவர்களை ஒரே மேஜையில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுப்பது என் கையில். பதினோரு வருஷமாக நல்ல டீயாகத்தான் வாங்கிக் கொடுக்கிறேன்.

ஜூன் 12

ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். ரேணுகாம்பாளுக்குக் காலை முதல் முறைதான் கிடைக்கும், மற்ற நேரமெல்லாம் நிரம்பி வழிகிறது என்றார் சிஸ்டர். ஆகவே பஸ் காலை ஆறரைக்குள் புதுநகரிலிருந்து கிளம்பியாக வேண்டும்.

ஜூன் 17

போக்குவரத்துக் கிளை மேலாளர் மாணிக்கவாசகம் சாருக்கு மூன்று முறை போன். அவர் எதற்கும் முடியாது என்று சொல்வதில்லை, "பார்ப்போம்மா" என்பார். இன்றைக்கு, "ரோடு அகலம் இருக்கான்னு எல்லாரும் சேர்ந்து ஒரு தடவை போய்ப் பார்ப்போம்மா" என்று ஒரு வாக்கியம் முழுசாகச் சொன்னார். விடுவேனா? கூட்டு ஆய்வுக்கு நாள் குறித்துவிட்டேன். இருபத்தைந்தாம் தேதி. அன்றைக்குத்தான் மூன்று அதிகாரிகளும் ஒன்றாகக் காலியாக இருக்கிறார்கள்.

ஜூன் 25, புதன்

நல்ல நாள். கிளம்பும் அவசரத்திலும் மாமனாரை நினைத்துக் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் ஜீப் ஏறினேன். அந்தப் புண்ணியமோ என்னவோ, எல்லாம் சுலபமாக முடிந்தது.

மாணிக்கவாசகம் சார், ஒன்றியப் பொறியாளர் தர்மன் சார், மின்வாரியத்து லோகேஷ் — இந்தப் பையன் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது — மூவரையும் ஓடைப்பாக்கத்துக்குக் கூட்டிப் போனேன். காலை ஏழு மணிக்கே நெசவுத் தெரு துடைத்துவிட்டாற்போல இருந்தது. ஜீப் இந்த முனையில் நுழைந்து அந்த முனையில் போய்த்தான் நின்றது. "இதுல லாரியே போவும்மா" என்றார் மாணிக்கவாசகம் சார். அங்கேயே கையெழுத்துப் போட்டார்கள்.

திரிஷாவுக்குப் போன் செய்தேன். வருகிற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி வெள்ளோட்டம் என்றேன். இரண்டு முறை தேதியைக் கேட்டாள். பிறகு, "அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க மேடம், நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

ரேணுகாம்பாள் கேட்டது ஒன்றுதான்: "பஸ்ஸு வூட்டாண்ட வருமாம்மா?"

வரும் என்றேன்.

ஜூலை 4, வெள்ளி

எழுதவே கை வரவில்லை. எழுதித்தான் தீர வேண்டும்.

வெள்ளோட்டத்துக்கு நானும் பஸ்ஸில் போனேன். டிரைவர் முத்துக்குமார், கண்ணாடிக்கு மாலை எல்லாம் போட்டிருந்தார். நெசவுத் தெருவில் திரும்பினால் — நடுத்தெருவில் பாவு. பட்டு இழைகளைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, ஈரத்தோடு நிற்கிறது. இரண்டு பக்கமும் ஆட்கள் இழை நீவிக்கொண்டிருக்கிறார்கள். ஓரமாகப் போய்விடலாம் என்று யாரோ கை காட்டினார்கள். யார் காட்டியது? நானும்தான் காட்டினேனோ? முத்துக்குமார் மெதுவாகத்தான் ஓட்டினார். இடது சக்கரம் திறந்த சாக்கடையில் இறங்கப் பார்த்தது, சட்டென்று வலதுபக்கம் ஒடித்தார். பம்பரில் பாவின் கயிறு மாட்டியது.

சத்தமே இல்லை. அவ்வளவு பட்டும் அப்படியே புழுதியில் விழுந்தது.

மூன்று புடவைக்கான பாவு. வேணுகோபால் என்பவர் வீட்டுடையது. அவர் கத்தவில்லை. அவர் மனைவி கலாவதிதான் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார். "எந்த மவராசன்பா இங்க பஸ்ஸு உடலாம்னு எழுதிக் குடுத்தது? கண்ணு இருந்துச்சா அவனுக்கு?" முத்துக்குமார் கீழே இறங்கி, அறுந்த இழைகளைக் கையில் எடுத்தார், எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

தெருவின் அந்த முனையில் ரேணுகாம்பாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு பையோடு நின்றிருந்தார். பஸ் அங்கே போகவே இல்லை.

ஜூலை 5

அமாவாசை!

காலண்டரில் ஜூன் இருபத்தைந்து. அமாவாசை. காஞ்சிபுரத்தில் எந்தத் தறி அமாவாசையன்று ஓடியிருக்கிறது? எந்தத் தெருவில் பாவு நீட்டியிருக்கிறார்கள்? பெரிய காஞ்சிபுரத்தில் நெசவு வீட்டில் பிறந்தவள் நான். அப்பா அன்றைக்கு மட்டும்தான் எங்களைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போவார். காக்கைக்குச் சோறு வைக்கத் தெரிந்தது, அந்தச் சோறு எதற்கு என்று புத்தியில் உறைக்கவில்லை. மாதத்தில் ஒரே ஒரு நாள் காலியாக இருக்கும் தெருவை, அந்த நாளாகப் பார்த்துப் போய் அளந்து, அகலம் போதும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். முதலில் ஐயோ என்றாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்தவே இல்லை. வைத்துவிட்டேன்.

ஜூலை 7

மாணிக்கவாசகம் சார்: "இனிமே அந்தப் பக்கம் பஸ் கிடையாதும்மா." பார்ப்போம்மா என்றுகூட இல்லை. கோப்பில் 'நெசவாளர் எதிர்ப்பு' என்று எழுதி முடித்துவிட்டார்கள். என் தப்பை அவர்கள் தலையில் எழுதியிருக்கிறார்கள்.

ஜூலை 9

ஓடைப்பாக்கம் போனேன். வேணுகோபால் வீட்டில் மன்னிப்புக் கேட்டேன். அமாவாசைக் கதையை மறைக்காமல் சொன்னேன். கலாவதிக்குக் கோபம் ஏறி உச்சிக்குப் போய், அங்கிருந்து எப்படியோ சிரிப்பாக இறங்கிவிட்டது. "நெசவுக்காரன் பொண்ணாம்மா நீ? போம்மா!" என்றார். முழுப் பாவும் போகவில்லை. கழுவி, பிரித்து, அறுந்ததை முடிந்துகொண்டிருக்கிறார்கள். ஒரு புடவை தேறாது, இரண்டு தேறும். நானும் உட்கார்ந்து கொஞ்சம் இழை முடிந்து கொடுத்தேன். "முடிச்சு நிக்குது" என்றார் கலாவதி. கலெக்டர் ஆபீசில் யாரும் என்னை இவ்வளவு பாராட்டியதில்லை.

அதற்கப்புறம் புதுநகர். திரிஷா வாசலிலேயே நின்று பேசினாள். உள்ளே கூப்பிடவில்லை.

"பாவு ஒரு சாக்கு மேடம். காலனிக்கு பஸ்ஸு போவக்கூடாது. அதான் விஷயம். நீங்களும் அவுங்க ஆளுதானே?"

சுருக்கென்றது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நான் அவர்கள் ஆள்தான். ஆனால் அவள் சொல்வது உண்மையா? எனக்கே தெரியவில்லையே. திரும்பி வரும் வழியில் வேணுகோபாலிடமே கேட்டுவிட்டேன்.

"எங்க பெரியப்பா காலத்துல அப்படித்தான்மா. அதை இல்லன்னு சொல்ல மாட்டேன். இப்ப அப்படி இல்லன்னு நான் வாயால சொன்னா அந்தப் பொண்ணு நம்புமா? பஸ்ஸு வரட்டும். என் பாவு மேல மட்டும் வரக்கூடாது."

ஜூலை 14, திங்கள்

திரிஷா போன். பயந்த குரல். ரேணுகாம்பாள் வெள்ளியும் போகவில்லை, இன்றும் கிளம்ப மாட்டேன் என்கிறார். கால் வீங்கியிருக்கிறது. மூச்சு வாங்குகிறது.

குறைதீர் நாள் என்றும் பார்க்காமல் ஆபீஸ் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். மெயின் ரோட்டிலேயே இறங்க வேண்டியதாயிற்று, நெசவுத் தெருவில் பாவு. சாக்கடை ஓரமாக நடந்து போனேன். ரேணுகாம்பாள் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"எனுக்கோசரம் இந்தப் பொண்ணு வேலைய உட்டுடும்மா. லீவு போட்டுப் போட்டு, போன மாசமே கம்பெனியில கேட்டுட்டாங்க. நான் போனா அது நிம்மதியா இருக்கும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பஸ் வரும்னு சொன்னேன். வரும். அதுவரைக்கும் நீங்க இருக்கணும்" என்றேன். யாரிடம் போய் என்ன பேச்சு இது! ஆனால் அவர் திரும்பிப் பார்த்தார். "அதட்டுறியேம்மா" என்று எழுந்து உட்கார்ந்தார்.

திரிஷா ஒருபக்கம், நான் ஒருபக்கம். தெருவில் பாவுக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். வேணுகோபால் நீவுவதை நிறுத்திவிட்டு, தன் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். ரேணுகாம்பாள் நின்ற இடத்தில் அதைப் போட்டார், அந்த அம்மா உட்கார்ந்தார். எழுந்தார். வேணுகோபால் மறுபடி போட்டார். மெயின் ரோடு வரை அப்படியே. திரிஷா அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஜீப் ஓட்டம் எழுதும் இடத்தில் 'சாலை ஆய்வு' என்று எழுதினேன். பொய்யில்லை.

ஜூலை 16

ரேணுகாம்பாள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தார். திரிஷா மெசேஜ்: "சேர் ரெடியா இருந்துச்சு மேடம்."

ஜூலை 24

ஆடி அமாவாசை. காலண்டரில் இனி வரும் அமாவாசைகளுக்கெல்லாம் சிவப்புக் கட்டம் போட்டுவிட்டேன். இந்த ஜென்மத்தில் அன்றைக்கு எங்கேயும் ஆய்வு கிடையாது.

ஆகஸ்ட் 6, புதன்

எப்படியோ மூன்று பேரையும் மறுபடி இழுத்துப் போனேன். இந்த முறை நாள் குறித்தது வேணுகோபால். "பாவு நீட்டுற நாளாப் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டு, அந்தக் காலையில், அந்த நேரத்தில். மாணிக்கவாசகம் சார் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தார். வரவே மாட்டேன் என்றவரை, ரேணுகாம்பாள் நாற்காலியோடு நடப்பதைத் திரிஷா வீடியோ எடுத்து அனுப்பியிருந்தாள், அதைக் காட்டித்தான் கூட்டி வந்தேன்.

ஜீப் நுழையவில்லை. இறங்கி வரிசையாகச் சாக்கடை ஓரம் நடந்தோம். பாவில் உடம்பு படக்கூடாதே என்று எல்லோரும் வயிற்றை எக்கிக்கொண்டு. மாணிக்கவாசகம் சாருக்கு எக்குவதற்குக் கொஞ்சம் அதிகம். பாதித் தூரத்தில் அவர் கால் சாக்கடைக்குள் போய்விட்டது. கலாவதி ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். முகத்தை எங்கோ திருப்பிக்கொண்டுதான் ஊற்றினார்.

சார் கால் கழுவும்வரை நிற்க வேண்டியிருந்தது. லோகேஷ் ஒரு கம்பத்தில் சாய்ந்து நின்றவன், திடீரென்று கம்பத்தைப் பார்த்தான், பாவைப் பார்த்தான்.

"ஐயா, இந்தக் கம்பம் ரெண்டும் தெருவுக்குள்ள நிக்குதே. இது இல்லன்னா பாவு ஓரமாப் போவும்ல?"

"போவுமே" என்றார் வேணுகோபால். "கம்பம் ஒருபக்கம், தொறந்த சாக்கடை ஒருபக்கம். நின்னு நீவ எடம் வேணாமா? ஆசைப்பட்டா நடுவுல கட்றோம்?"

தர்மன் சார் கேட்டார்: "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா?"

"பாவை எடுப்பீங்களா மாட்டீங்களான்னுதானே எல்லாரும் கேட்டீங்க?"

மாணிக்கவாசகம் சார் ஈரக் காலோடு நின்று, சாக்கடையிலிருந்து எதிர்வீட்டுப் படிவரை எட்டு வைத்து அளந்தார். "சாக்கடையை மூடி, கம்பத்தைத் தள்ளி வெச்சா, பாவும் நிக்கும், வண்டியும் போவும்" என்றார். "பார்ப்போம்மா" என்று சேர்த்துக்கொண்டார். அந்தச் சொல் இவ்வளவு இனிக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஆகஸ்ட் 20

இனித்தது போதும். சுற்றிச் சுற்றி வருகிறேன். கம்பத்தை நகர்த்த ஒன்றியம் முதலில் பணம் கட்ட வேண்டும் என்கிறது மின்வாரியம். கம்பம் நகர்ந்தால்தான் சாக்கடைக்கு மூடி போட முடியும், போடாத வேலைக்கு எப்படிப் பணம் என்கிறது ஒன்றியம். இரண்டும் முடிந்தால்தான் பஸ் என்கிறது போக்குவரத்து. எல்லோரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். அதுதான் எரிச்சல்.

உதயகுமாரிடம் புலம்பினேன். "மூணு பேரும் ஒரே நாள்ல வேலை செஞ்சா யாரு முதல்லன்ற கேள்வியே வராதே" என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். வழக்கமாக இவருடைய தயார் பதில்கள் எனக்குப் பிடிப்பதில்லை.

ஆகஸ்ட் 22

லோகேஷைப் பிடித்தேன். செப்டம்பரில் அந்தப் பகுதிக்குப் பராமரிப்பு மின்தடை எப்போது? பதினெட்டாம் தேதி என்றான். எப்படியும் கரண்ட் நிறுத்துகிற நாள். கம்பத்தை அன்றைக்கே நகர்த்தலாம், தன் மேலதிகாரியிடம் தானே பேசுகிறேன் என்றான். தர்மன் சார் சிமெண்ட் மூடிகளை முன்கூட்டியே வார்த்து, ஒன்றிய அலுவலக வாசலில் காயவைக்க ஒப்புக்கொண்டார். பணம் கட்டும் உத்தரவை எங்கள் பெரிய அதிகாரியிடம் நானே நின்று கையெழுத்து வாங்கினேன். அவருக்கும் டீ.

செப்டம்பர் 18, வியாழன்

முடிந்தது! கிரேன் வந்தது, கம்பம் நகர்ந்தது, மூடி வந்தது. இறக்க ஆள் போதவில்லை. புதுநகர்ப் பையன்கள் வந்தார்கள். தெருப் பையன்களும் வந்தார்கள். முதலில் தனித்தனியாகத்தான் தூக்கினார்கள். அந்தக் கனத்துக்கு அது கட்டுப்படியாகவில்லை.

மூடிகளின் ஓரத்தில் வரிசையாக இரும்பு வளையங்கள். நான் கேட்கவில்லை, வரைபடத்திலும் இல்லை. தர்மன் சாரிடம் என்ன இது என்றேன். "பாவுக் கயிறு கட்டத்தான்" என்றார். ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவர்போலச் சொன்னார்.

அக்டோபர் 22

தீபாவளி முடிந்த கையோடு மழை. பஸ்ஸுக்காகத் தார் போட ரோட்டில் ஜல்லி கொட்டி அப்படியே கிடக்கிறது. ரேணுகாம்பாள் நடந்துதான் போகிறார். நாற்காலியும் கூடப் போகிறது, இப்போது குடையோடு.

நவம்பர் 5

மழை விட்டது. தார் போட்டாயிற்று. மாணிக்கவாசகம் சாரே போன் செய்தார். வெள்ளோட்டமெல்லாம் வேண்டாம், போன தடவையே போதும், திங்கள் நேராக ஓடட்டும் என்றார். டிரைவர் யார் என்று கேட்டேன். முத்துக்குமார் தானே கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

நவம்பர் 10, திங்கள்

போகவில்லை. குறைதீர் நாள். விடிந்ததிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்கெல்லாம் திரிஷாவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. ரேணுகாம்பாள் பஸ் ஜன்னலில். பின்னால் தெரு ஓரத்தில் நீளமாக, ஈரமாக, மஞ்சள் பாவு. கீழே, "நான் டூட்டிக்குப் போறேன் மேடம். அம்மா தனியாவே போறாங்க."

மனு வாங்கும் மேஜையில் அதை இன்னொரு முறை திறந்து பார்த்து அழுதுவிட்டேன். மனு கொடுக்க வந்த பெரியவர் தன் குறைக்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்து, "பரவால்லம்மா, மெதுவாச் செய்யி" என்றார்.

நவம்பர் 27

கலாவதி போன். பஸ் டிரைவர் அவசரப்படுகிறாராம், கொஞ்சம் சொல்லி வைக்க வேண்டுமாம். "ரேணுகா மெதுவாத்தானே வரும்? நான்தான் புதுநகராண்ட போயி பஸ்ஸு முன்னாடி நின்னேன். அது ஏர்ற வரைக்கும் நவுரல." முத்துக்குமாரிடம் கேட்டால், "நான் எங்க மேடம் கெளம்புனேன்? கண்ணாடி தொடைக்க எறங்குனேன்" என்கிறார்.

டிசம்பர் 19, வெள்ளி

அமாவாசை. சிவப்புக் கட்டம் போட்ட நாள். ஆய்வு இல்லை, சும்மா போனேன். காக்கையை உதயகுமார் பார்த்துக்கொள்கிறார்.

விடியற்காலை பஸ்ஸில் புதுநகர் வரை போய், அதிலேயே திரும்பினேன். மார்கழிக் குளிருக்கு ரேணுகாம்பாள் துண்டால் காதை மூடிக்கொண்டு ஏறினார். முகம் தெளிந்திருக்கிறது. கால் வீக்கம் வடிந்திருக்கிறது. என் பக்கத்தில் உட்கார்ந்து, திரிஷாவைக் கம்பெனியில் நிரந்தரம் செய்யப்போகிறார்கள் என்றார். பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

நெசவுத் தெரு காலி. ஜூன் மாதம் பார்த்த அதே காலி. ஒரு பாவு இல்லை, ஓர் ஆள் இல்லை. தெரு முழுவதும் எங்களுக்குத்தான். ஆனால் பஸ் இடதுபக்கம் ஒதுங்கியே போனது, எதிர்வீட்டுப் படிகளை உரசாத குறையாக. வலதுபக்கம் மூடிகளும் இரும்பு வளையங்களும் பாவுக்கு விட்ட இடமாக அப்படியே கிடந்தன.

"இன்னிக்குத்தான் பாவு இல்லையே முத்துக்குமார், நடுவுலயே போகலாமே?" என்றேன்.

"தெரியுது மேடம்" என்றார். ஸ்டியரிங்கைத் திருப்பவில்லை.